மகளிடம் தமிழில் பேசுவதை நான் நிறுத்த வேண்டுமா?

வாசகர் கேள்விக்குக் குழந்தைகள் மற்றும் குடும்ப மனநல ஆலோசகரின் பதில். கடிதம் எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

சென்னைப் புறநகரில் வசிக்கும் 31 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, ஒன்றாம் வகுப்பு முதல் பி.எஸ்ஸி. கணிதம் வரை தமிழ்வழியில் படித்தவர். கணவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அவரும் பிளஸ் டூ வரை தமிழ்வழிதான். ஒரே மகளுக்கு ஆறரை வயது. வீட்டருகே இருந்த சிறிய நர்சரிப் பள்ளியில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இந்த ஜூனில் பெரிய ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கைக்கு முன் பெற்றோர் இருவரையும் ஆங்கிலத்தில் நேர்காணல் செய்தார்கள். கணவர் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்ததாக இவர் எழுதுகிறார்.

அந்தப் பள்ளியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். கூடவே, பேசிய குழந்தையின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுகிறார்கள். தமிழில் பேசும் இன்னொரு குழந்தையைக் காட்டிக்கொடுத்தால்தான் அது கைமாறும். ஆகஸ்டில் ஒரு நாள் முழுக்க அந்த அட்டை இவருடைய மகளின் கழுத்தில் கிடந்தது. அதன் பிறகு அவள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. வேனில் மட்டும் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் மெதுவான குரலில் பேசுகிறாள். செப்டம்பரில் ஒரு நாள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்காமல், உட்கார்ந்த இடத்திலேயே உடையை நனைத்துவிட்டாள். வகுப்பாசிரியை பெற்றோரை அழைத்து, “வீட்டில் தமிழை முழுவதும் நிறுத்துங்கள்” என்றார். அன்று மாலையே கணவர் வீட்டில் தமிழுக்குத் தடை போட்டுவிட்டார். அப்பத்தா கதை சொல்வது நின்றுபோனது. “உன் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் கூட்டத்துக்கு வராதே” என்று மனைவியிடம் சொன்னார். அலுவலகக் குடும்ப விழாவுக்கும் தனியாகவே போய்வந்தார். போன வாரம் மகளும், “நீ ஸ்கூல் கேட்டுக்கு வராதேம்மா, அப்பா வரட்டும்” என்று சொல்லியிருக்கிறாள்.

தமிழில் பேசுவதை நிறுத்தத்தான் வேண்டுமா, பள்ளி விதிகளில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் கேள்வி கேட்கும் உரிமை போய்விட்டதா, முப்பது நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா, பேசாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று வரிசையாகக் கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரி: “என் தமிழ்தான் என் குழந்தையைக் கெடுத்துவிட்டதா?”

அன்புள்ள சகோதரி,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் தமிழ் அவளைக் கெடுக்கவில்லை. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வருவதில்லை. மூளை குழம்புவதும் இல்லை. அட்டை கழுத்தில் விழுந்த நாள் வரை அவள் பேசினாள் என்று நீங்களே தேதி குறித்து எழுதியிருக்கிறீர்கள். ஆகவே காரணத்தை உங்களிடம் தேட வேண்டியதில்லை.

உடனே பார்க்க வேண்டியது அவளுடைய மௌனம்

உங்கள் கேள்விகளில் மகளின் மௌனம் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. ஆங்கிலம் வந்துவிட்டால் பேச்சும் தானே வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்புவது தெரிகிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்த மொழியில் கேட்டால் அபராதம். ஆங்கிலத்தில் தப்பாகக் கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். ஆறு வயதுக் குழந்தையை அந்த இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு, முன்னேற்றம் போதவில்லை என்று பெற்றோரை அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

புதிய மொழிச் சூழலுக்குள் வரும் குழந்தைகள் முதல் சில வாரங்கள், சில மாதங்கள்கூட, கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு. உங்கள் மகளின் மௌனம் அந்த வகையைத் தாண்டிவிட்டதோ என்று சந்தேகிக்கிறேன். வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, பள்ளி போன்ற குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் பேசாமலேயே இருந்தால், அதைப் பதற்றம் சார்ந்த நிலையாகப் பார்ப்போம். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மொழி தெரியாததால் மட்டும் பேசாமல் இருக்கிறாளா என்பதைப் பிரித்தறிய நேரில் பார்க்க வேண்டும். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. வேனில் தோழியிடம் பேசுகிறாள் என்பது நல்ல அறிகுறி.

செய்ய வேண்டியவை இவை. குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தால் தொற்று வரலாம், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறகு குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்க வேண்டாம். இடைப்பட்ட நாட்களில் யாரும் அவளைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. விருந்தினர் வந்தால் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி ஆங்கிலப் பாட்டுச் சொல்லவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால் இப்போதைக்கு அதை மூட்டைகட்டி வையுங்கள்.

வீட்டில் எந்த மொழி?

தமிழிலேயே பேசுங்கள். இன்று மாலையே தொடங்குங்கள். அப்பத்தாவின் கதைகளும் திரும்பி வரட்டும்.

இதைப் பாசத்தினால் மட்டும் சொல்லவில்லை. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் குழந்தையிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் என்ன மிஞ்சும்? ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘டோன்ட்’. கட்டளைகள் மட்டும்தான். “ஏன் அப்படிச் செய்தாய்?”, “அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?”, “உனக்கு எப்படி இருந்தது?” எல்லாம் காணாமல் போய்விடும். இரவு உணவின்போது வீடு நிசப்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். ஒரு குழந்தையின் மொழித்திறன் நீளமான பேச்சில்தான் வளர்கிறது. மழை ஏன் பெய்கிறது, அண்டை வீட்டுப் பாட்டி ஏன் அழுதாள் என்று தமிழில் யோசிக்கத் தெரிந்த பிள்ளை, அவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் பின்னால் சேர்த்துக்கொள்வாள். யோசனையே ஒரு மொழியிலும் ஊன்றாத பிள்ளைக்கு இரண்டுமே கடினம்.

வகுப்பாசிரியையின் அவசரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருமொழிக் கல்வியை ஆராய்ந்த கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ், புதிய மொழியில் அன்றாடப் பேச்சுச் சரளமாக வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும், பாடம் படிக்கும் அளவுக்கு அந்த மொழி வசப்பட ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்று காட்டியிருக்கிறார். அதுவும், சுற்றிலும் ஆங்கிலமே பேசும் நாட்டுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்கு. உங்கள் மகள் இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு பருவம்தான் ஆகிறது. தாய்மொழியில் கல்வி தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953லேயே பரிந்துரைத்தது. பயிற்று மொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று நம் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது. நகரத்துப் பள்ளிகள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை.

ஆங்கிலத்துக்கு வீட்டில் ஓர் இடம் கொடுக்கலாம். தினமும் பதினைந்து நிமிடம் ஒரு படக்கதைப் புத்தகம் போதும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். உங்கள் கணவர் ஆங்கிலத்தில் விளையாட்டுக் காட்டட்டும், சிரிக்க வைக்கட்டும், திருத்த வேண்டாம்.

அட்டையும் அபராதமும்

சட்டப் பகுதியை வழக்கறிஞர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டு எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். தனியார் பள்ளியும் விலக்கல்ல. கழுத்தில் அட்டை மாட்டி, சக குழந்தையைக் காட்டிக்கொடுக்கச் சொல்வது மனத் துன்புறுத்தல் இல்லை என்று யாரும் வாதாட முடியும் என எனக்குத் தோன்றவில்லை. தாய்மொழியில் பேசியதற்குப் பணம் வசூலிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. நீங்கள் போட்ட கையெழுத்து, சட்டம் உங்கள் மகளுக்குக் கொடுத்த பாதுகாப்பைப் பறித்துவிடாது.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு உங்களை ஆங்கிலத்தில் நேர்காணல் செய்தார்களே, அதுவும் தவறு. குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதை அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. அபராதம் கட்ட வேண்டியவர்கள் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. உங்கள் பள்ளி அந்த வகையா என்று முதலில் கேட்டறியுங்கள். அப்படியே இருந்தாலும் குழந்தையை இழிவுபடுத்தும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. புகார் எழுதும்போது எந்தச் சட்டத்தைக் காட்டுவது என்பதில்தான் வேறுபாடு.

முதலில் சண்டையாகப் போகாதீர்கள். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம், தமிழிலேயே எழுதுங்கள். மூன்று கோரிக்கைகள் போதும்: அட்டை வேண்டாம், அபராதம் வேண்டாம், கழிப்பறை, தண்ணீர், வலி ஆகிய மூன்றுக்கும் எந்த மொழியிலும், கை காட்டியும்கூட, அவள் கேட்கலாம் என்று வகுப்பாசிரியை அவளிடமே சொல்ல வேண்டும். நகலில் தேதியுடன் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் என்று மேலே போகலாம். 1098 குழந்தைகள் உதவி எண். 14417 தமிழ்நாடு பள்ளிக் கல்வி உதவி எண். ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுத்தவரின் பிள்ளை என்று அவளை ஒதுக்கிவைக்கும் பள்ளிகள் உண்டு. அட்டை மாட்டப்பட்ட மற்றக் குழந்தைகளின் பெற்றோர் இரண்டு மூன்று பேரையாவது சேர்த்துக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

இந்த அட்டை முறை நம்மூரில் பிறந்ததும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில், வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அதுவும் இப்படித்தான் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குக் கைமாறியது. வேல்ஸ் மக்கள் இன்று அதை வெட்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். அந்தப் பாடவேளை முடிந்து மணி அடித்ததும் அதே மொழிக்கு அபராதம் போடுகிறார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி

அவர் உங்களை வெறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே வேறொரு செய்தியும் இருக்கிறது. பொறியியல் கல்லூரியின் முதல் ஆண்டில் ஒரு பாடமும் புரியாமல் விடுதியில் அழுததாக, திருமணமான புதிதில் அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். குழு விவாதத்தில் வாய் திறக்க முடியாமல் இரண்டு நிறுவனங்களின் வளாகத் தேர்வை இழந்திருக்கிறார். தான் பட்டது மகளுக்கு வரக் கூடாது என்று பயப்படும் ஒரு தந்தையை நான் அங்கே பார்க்கிறேன்.

அந்தப் பயம் பொய்யானதும் அல்ல. ஆங்கிலம் தேவையே இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி மேடையில் பேசும் பலரின் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். 1844ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசு வேலைகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று ஆணையிட்டார். வேலைக்கும் ஆங்கிலத்துக்கும் அன்று போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. 2005ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வுத் தரவுகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்களின் ஒரு மணி நேர ஊதியம், ஆங்கிலம் தெரியாத ஆண்களைவிடச் சராசரியாக 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஓரளவு பேசுபவர்களுக்கு 13 சதவீதம். ஆனால் அதே ஆய்வில், இளைய தலைமுறையில் நல்ல படிப்பும் சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பலன் கிடைத்தது என்றும் தெரியவந்தது. உங்கள் கணவருக்கு இதைக் காட்டுங்கள். பாடம் புரியாமல் ஆங்கிலம் மட்டும் பேசத் தெரிந்தால் பயனில்லை. மௌனமாகிவிட்ட குழந்தை பாடத்தையும் கற்காது, ஆங்கிலத்தையும் கற்காது.

பேச்சை, “நீங்கள் செய்தது தவறு” என்று தொடங்காமல், “அன்று விடுதியில் உங்களுக்கு நடந்தது இப்போது இவளுக்கு நடக்கிறது” என்று தொடங்கிப் பாருங்கள். அவருக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

இதனால் அவர் உங்களை நடத்திய விதம் சரியாகிவிடாது. ஆசிரியர் கூட்டத்துக்கு வராதே என்றதும், விழாவுக்கு விட்டுவிட்டுப் போனதும் அவமதிப்பு. அதைப் பார்த்துத்தான் மகள் உங்களை வாசலுக்கு வர வேண்டாம் என்றாள். அவள் மீது வருந்தாதீர்கள். கணவரிடம் இதை நேராகச் சொல்லுங்கள், அப்பத்தா இல்லாத நேரத்தில், அவர் அலுவலகத்திலிருந்து வந்த களைப்பு நீங்கிய பிறகு. தொடர்ந்து இழிவாகப் பேசுவதும் கேலி செய்வதும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறையாகவே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. இன்று நீங்கள் அந்த வழிக்குப் போக வேண்டிய நிலை கடிதத்தில் தெரியவில்லை. நிலைமை மோசமானால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

உங்கள் ஆங்கிலம்

முப்பது நாளில் சரளம் என்று விளம்பரம் செய்யும் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். முப்பத்தோராம் நாள் பேச வராவிட்டால் குற்றம் உங்கள் மீது விழும். படித்தால் புரிகிறது, பேச வாய் எடுத்தால் வரவில்லை என்கிறீர்கள். இது அறிவுக் குறை அல்ல. தப்பு வந்துவிடுமோ என்று தன்னையே கண்காணித்துக்கொண்டிருக்கும் மனத்துக்கு, சொல்லைத் தேட இடம் மிஞ்சுவதில்லை. ஆகவே சிரிக்காத ஒரு துணையோடு, தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் பேசிப் பழகுங்கள்: தொலைபேசி, வங்கி, மருத்துவமனை. மகளுக்குப் படிக்கும் கதைகளைச் சத்தமாகப் படிப்பதும் நல்ல பயிற்சி.

ஆசிரியர் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், தமிழில் பேசுங்கள். எதிரே இருப்பவருக்கும் தமிழ் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் நாடு முழுவதும் சுமார் 2.6 லட்சம் பேர்தான். இரண்டாம், மூன்றாம் மொழியாகத் தெரிந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 13 கோடி. 121 கோடிப் பேரில் இது பத்தில் ஒரு பங்கு. உங்களைப் பார்த்துப் புருவம் உயர்த்துபவர்களும் அதை இடையில் கற்றுக்கொண்டவர்கள்தாம்.

வேலைக்குத் திரும்ப ஆசை என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர் நீங்கள். தமிழ்நாடு அரசின் நேரடி நியமனங்களில் அப்படிப் படித்தவர்களுக்கு 20 சதவீத இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் பாதிக் கேள்விகள் தமிழ்ப் பகுதியிலிருந்தே வருகின்றன. கணக்குப் பகுதி உங்களுக்குச் சிரமமாக இருக்காது. வயது வரம்பை இப்போதே பார்த்துவிட்டு, படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ்வழிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

பள்ளியை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் கோபத்தில், பாதி ஆண்டில் வேண்டாம். தான் பேசாததால்தான் வெளியேற்றினார்கள் என்று குழந்தை நினைத்துக்கொள்வாள். பள்ளி உங்கள் கடிதத்துக்கு என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள். அட்டையை எடுத்துவிட்டு அவளிடம் கனிவாக நடந்தால் ஆண்டு இறுதி வரை தொடரலாம். மறுத்தாலோ, அவள் காலையில் வாந்தி எடுப்பது, தூக்கத்தில் அலறுவது என்று உடல் பேசத் தொடங்கினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

அரசுப் பள்ளி என்றாலே தமிழ்வழி மட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். 2012–13 முதல் பல அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளும் நடக்கின்றன. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. எல்லா அரசுப் பள்ளியும் நல்ல பள்ளி என்று சொல்லமாட்டேன். கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்க்காமல், இடைவேளை நேரத்தில் போய் நில்லுங்கள். ஆசிரியர் வரும்போது பிள்ளைகள் ஓடிவந்து ஏதாவது சொல்கிறார்களா, சத்தம் சட்டென்று அடங்குகிறதா என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் மகளின் மௌனத்தைச் சொல்லி, அவர் முகத்தையும் பாருங்கள்.

முடிவெடுத்துவிட்டால், இப்போதைய பள்ளி மாற்றுச் சான்றிதழை இழுத்தடிக்கும் என்று பயப்பட வேண்டாம். சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. பிறப்புச் சான்றிதழையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு நேரே போகலாம்.